சிம்மில் வைக்கத் தெரிந்தவன் சிம்மரில் தோற்ற கதை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒன்பது வருடம் சிறிய மெஸ் ஒன்றை நடத்தினேன். மதியம் எழுபது, எண்பது இலை விழும். இடித்துக் கட்டப்போவதாகக் கட்டட உரிமையாளர் சொன்னதும் பாத்திரங்களைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, 2024 ஜூன் மாதம் புதுச்சேரியில் பிரெஞ்சுச் சமையல் செய்யும் ஓர் உணவகத்தில் சேர்ந்தேன். மாதம் 19,000 ரூபாய், இரண்டு வேளைச் சாப்பாடு. முதல் ஆறு வாரத்துக்குள் அந்தச் சம்பளத்தில் 5,400 ரூபாய் பிடித்தம். நான் திருடவில்லை, சோம்பேறித்தனம் செய்யவில்லை, எதையும் கைதவறிப் போட்டு உடைக்கவும் இல்லை. பாத்திரத்தை எப்படிச் சூடாக்க வேண்டும் என்று சொல்கிற நான்கைந்து ஆங்கிலச் சொற்கள் எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வயதில், எழுபது பேருக்குச் சமைத்த கையோடு, தண்ணீர் கொதிக்க வைக்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்கினேன். வெளியில் சொல்ல வெகுநாள் கூச்சமாக இருந்தது. எங்கள் சமையற்கட்டுக்குப் புதிதாக வரும் பையன்கள் அதே குழியில் அதே காலை வைப்பதைப் பார்த்த பிறகுதான் எழுதலாம் என்று தோன்றியது.

அங்கே செய்முறைகள் எல்லாம் ஆங்கிலத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு, அடுப்புக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கும். நான் பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்தவன். எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன், பொருள்தான் பாதி பிடிபடும், பாதி நழுவும். தலைமைச் சமையல்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். எல்லோரும் அவரைச் செஃப் என்று கூப்பிடுவோம், அவர் என்னை அண்ணா என்பார். அந்த ‘அண்ணா’தான் என்னைக் கெடுத்தது. இது என்ன சொல் என்று அவரிடம் போய்க் கேட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைத்தேன். முதலியார்பேட்டையில் எடுத்திருந்த அறையில் இரவு உட்கார்ந்து, கைப்பேசியில் பிடித்து வந்த படங்களைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக அகராதியில் தேடி, நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வேன். கோழி எலும்புச் சாறுக்கான தாளில் முதலில் ‘பாயில்’ என்று இருந்தது. கொதிக்க வை, அது தெரிந்ததுதான். அடுத்த வரியில் ‘சிம்மர்’, நான்கு மணி நேரம். தேடினால் அதற்கும் கொதிக்க வை என்றே வந்தது. கீழே இன்னும் என்னவோ சிறிய எழுத்தில் இருந்திருக்கும், நான் அதுவரை போகவில்லை. நாம் ‘நோய் நொடி’ என்பதுபோல ஆங்கிலக்காரனும் ஒன்றையே இரண்டு முறை சொல்கிறான் என்று முடிவுகட்டி, ‘கொதிக்க வை, 4 மணி’ என்று எழுதிவிட்டுத் தூங்கினேன்.

ஜூலை 14 பிரெஞ்சு தேசிய தினம். புதுச்சேரியில் அது இன்றும் ஒரு விழா. எங்கள் உணவகத்தில் மேசைகள் முன்பதிவில் நிறைந்துவிடும். அன்றைக்கு ஒரு தெளிந்த சூப் பரிமாறுவார்கள். தட்டின் அடியில் இருக்கும் பூ வேலைப்பாடு தெரியவேண்டும், அவ்வளவு தெளிவு. அதற்கான சாற்றை 12ஆம் தேதியே என்னிடம் ஒப்படைத்தார் செஃப். நாற்பது லிட்டர் அண்டா, பதினைந்து கிலோ கோழி எலும்பு, கேரட், வெங்காயம், பெங்களூரிலிருந்து வந்த செலரித் தண்டு. நான் அடுப்பை முழுதாகத் திறந்துவிட்டேன். நான்கு மணி நேரமும் அண்டா தளதளவென்று கொதித்தது, அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. செஃப் வந்து கரண்டியால் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தார். அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது. மேலே எண்ணெய் தனியாக மிதக்கவேண்டிய இடத்தில் எதுவும் மிதக்கவில்லை. எல்லாம் உள்ளே கலந்து வெளுத்துப் போயிருந்தது. அவர் கத்தவில்லை. “அண்ணா, இது சிம்மர் இல்லையே” என்றார். அவர் கத்தியிருந்தால் தேவலை. பாதியைக் க்ரீம் சூப்புக்கு எடுத்துக்கொண்டு மீதியைக் கொட்டினார்கள். மறுநாள் விடிகாலையில் கிடைத்த விலைக்கு எலும்பு வாங்கி, செஃப்பே நின்று மறுபடி செய்தார். என் கணக்கில் 2,800 ரூபாய்.

நடந்தது என்ன என்று பிறகு அவரே சொன்னார். எலும்பிலும் சதையிலும் இருந்து கசியும் புரதம் சூட்டில் திரண்டு அழுக்கு நுரையாக மேலே வரும், கொழுப்பும் உருகி மேலே வரும். அண்டா அமைதியாக இருந்தால் இரண்டும் மேலேயே தங்கும், கரண்டியால் வழித்துவிடலாம். தளதளவென்று கொதித்தால் மேலே வந்ததைக் கொதியே மறுபடி உள்ளே இழுத்து, மத்தால் கடைந்தது போலச் சின்னச் சின்னத் துகளாக்கி நீரோடு கலந்துவிடும். பிறகு வடிகட்டினாலும் போகாது. இத்தனைக்கும் தீயைக் கூட்டியதில் ஒரு லாபமும் இல்லை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. கடலோரத்தில் இருக்கும் நமக்கு 100, ஊட்டி போன்ற உயரத்தில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேலே கொடுக்கிற தீயெல்லாம் ஆவியாகத்தான் போகும். எலும்பிலிருந்து பசை இறங்குவதற்குத் தேவை நேரம்தான். நான் வீணாக்கிய எரிவாயுவை அவர்கள் கணக்கில் சேர்க்காமல் விட்டது பெரிய மனது.

அந்த அவமானத்திலும் நான் கேட்கவில்லை. ‘சிம்மர் என்றால் மெல்லக் கொதிப்பது’ என்று நோட்டில் திருத்திக்கொண்டு, மற்ற சொற்களை மறுபடி அகராதியிடமே கொண்டுபோனேன். பத்து நாளில் கஸ்டர்ட். தாளில் பாலை ‘ஸ்கால்ட்’ செய்யச் சொல்லியிருந்தது. அகராதி, வெந்நீர் பட்டுத் தோல் வெந்துபோவது என்றது. பாலுக்குத் தோல் ஏது? ஆடையைச் சொல்கிறான் போலிருக்கிறது என்று நானாக ஒரு பொருள் செய்துகொண்டு, நம் வீட்டு வழக்கப்படி பால் பொங்கி விளிம்புக்கு ஏறும் வரை காய்ச்சி, அந்தச் சூட்டோடு நான்கு டஜன் மஞ்சள்கருவில் ஊற்றினேன். கண்ணெதிரே முட்டைப் பொரியல் ஆனது. ஆறு லிட்டர் பால், நாற்பத்தெட்டு முட்டை, வனிலா. 1,900 ரூபாய். பால் பொங்கினால் மங்கலம் என்று வளர்ந்தவன் நான். புது வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அதைத்தானே செய்கிறோம். பொங்கவே கூடாத பால் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஸ்கால்ட் என்றால் பாத்திரத்தின் ஓரத்தில் மட்டும் மணி மணியாகக் குமிழ் கட்டி, நடுவில் ஆவி எழும் நேரம், ஏறத்தாழ 82 டிகிரி. அந்தப் பாலையும் கருவில் ஒரே வீச்சில் கொட்டக் கூடாது. ஒரு கரண்டி ஊற்றிக் கலக்கி, இன்னொரு கரண்டி ஊற்றிக் கலக்கி, கருவைச் சூட்டுக்குப் பழக்க வேண்டும். பிறகு அடுப்பில் கிளறும்போதும் 85 டிகிரியைத் தாண்டவிட்டால் திரிந்துவிடும்.

மூன்றாவது, ஒரு சாஸ். ‘பாதியாக ரெட்யூஸ் செய்’ என்றிருந்தது. ரெட்யூஸ் என்றால் குறை. தீயைப் பாதியாகக் குறைத்தேன். வற்ற வைக்கச் சொன்னதாம் அது. சாஸ் ரசம்போல ஓடியது. 700 ரூபாய். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, எரிச்சல்தான் வருகிறது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் வஞ்சிரத் துண்டுகளை ‘போச்’ செய்யச் சொன்னார்கள். அகராதியைத் திறந்தால், பிறர் காட்டில் திருட்டுத்தனமாக வேட்டையாடுதல் என்று இருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முதல் முறையாக அகராதியை மூடிவிட்டு மீனைப் பார்த்தேன். கடலூர் முதுநகர் துறைமுகத்து மீனைச் சிறு வயதிலிருந்து கையாண்டவன். வஞ்சிரம் துண்டு போட்ட குழம்பைக் கொதிக்கவிட்டால் மீன் உடைந்து முள் வேறு சதை வேறாகும். குழம்பை முன்னாலேயே கொதிக்கவைத்து, தீயைத் தணித்து, மீனைப் போட்டுக் கரண்டி படாமல் பாத்திரத்தை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி வைப்போம். அதையே அந்தக் காய்கறிச் சாற்றில் செய்தேன். செஃப் ஒரு துண்டை முள்கரண்டியால் விலக்கிப் பார்த்தார். இதழ் இதழாகப் பிரிந்தது, உடையவில்லை. “எங்கே கற்றுக்கொண்டீர்கள் அண்ணா?” என்றார். “மீன் குழம்பில்” என்றேன். அவருக்குச் சிரிப்பு. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. கைக்குத் தெரிந்த வேலையைத்தான் ஒன்றரை மாதமாகக் காசு கொடுத்துத் தவறாகச் செய்திருக்கிறேன்.

அந்த வார விடுமுறையில் ஊருக்குப் போனேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோவில் என்று பஸ் நின்று நின்று போகும். ஒரு மணி நேரம் இதையேதான் யோசித்தேன். வீட்டில் மனைவி சாம்பாரைத் தாளித்துக்கொண்டிருந்தாள். “சிம்மில் வை, அடி பிடிக்கப்போகிறது” என்று வழக்கம்போலச் சொன்னேன். ஒன்பதாவது படிக்கிற மகள் அடுப்புத் திருகின் மேல் விரலை வைத்து, அதில் பொறித்திருந்த மூன்று ஆங்கில எழுத்துகளைக் காட்டினாள். “அப்பா, சிம் என்றால் சிம்மர்தானே? முழுதாக எழுத இடம் இல்லாமல் மூன்று எழுத்து போட்டிருக்கிறான்.” ஒன்பது வருட மெஸ்ஸில் ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேன்! தமிழ்நாட்டில் எந்த அடுப்படியிலும் சிம் தெரியாத ஆள் கிடையாது. அதன் முழுப்பெயர் சுவரில் ஒட்டியிருந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஏன் என்று யோசித்ததில் எனக்குப் பிடிபட்டது இது. நாம் எதைச் சூடாக்குகிறோம் என்பதைப் பார்த்துச் சொல்லை எடுக்கிறோம். பாலைக் காய்ச்சுகிறோம், கஞ்சியைக் காய்ச்சுகிறோம், கஷாயத்தைக் காய்ச்சுகிறோம். முட்டையை அவிக்கிறோம், கிழங்கை வேகவைக்கிறோம், அரிசி போட உலை வைக்கிறோம், குளிக்க வெந்நீர் போடுகிறோம். ஆங்கிலக்காரன் இவை எல்லாவற்றுக்கும் பாயில் என்ற ஒன்றையே வைத்துக்கொள்வான். தண்ணீரும் பாயில், முட்டையும் பாயில், கெட்டிலும் பாயில். ஆனால் குமிழ் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதற்கு மட்டும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறான். குமிழைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான் பாயில். சிம்மர், அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டு உண்டானதாக இருக்கலாம் என்கிறார்கள். அகராதி இரண்டுக்கும் கொதி என்று போட்டால், அவன் பிரித்து வைத்ததை நாம் திரும்பக் கலந்துவிடுகிறோம்.

அதே சமயம் நமக்கு அந்த வேறுபாடு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நாம் அதை ஒரே சொல்லாக வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ‘ரசம் கொதிக்கக் கூடாது, நுரை கட்டியதும் இறக்கு’ என்று சொல்லாத அம்மா உண்டா? ‘ஒரு கொதி வந்ததும் மல்லித்தழை போடு’ என்கிறோம், ‘தளதளவென்று கொதிக்கும்போது அரிசியைப் போடு’ என்கிறோம். அந்தச் சொற்களையே நோட்டில் எழுதினேன். ஸ்கால்ட்: ஓரத்தில் மணி கட்டும் பால். போச்: குமிழே இல்லை, ஆவி மட்டும், மீன் போட்ட பிறகு குழம்பு இருப்பது போல. சிம்மர்: இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழ் எழுந்து உடையும், 85 முதல் 95 டிகிரி வரை, சிம்மில் வைத்த சாம்பார். பாயில்: உலை. ரெட்யூஸ்: கஷாயத்தைச் சுண்டக் காய்ச்சுவது. இந்த ஐந்து வரி எழுதிய பிறகு என் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட யாரும் பிடிக்கவில்லை.

சிம்மரிலேயே இன்னும் நுணுக்கம் உண்டு என்பதை ஒரு சொல்தா தாத்தாவிடம் கற்றேன். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குபவரைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். என் அறைக்குக் கீழ்வீட்டில் இருக்கிறார். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டுத் தேநீருக்கு வைத்த பாத்திரத்தைக் காட்டினார். “தம்பி, தண்ணீரைப் பார். இன்னும் கொதிக்கவில்லை, ஆனால் மேல்பரப்பு நடுங்குகிறது, பார்த்தாயா? பிரெஞ்சில் இதை ஃப்ரெமீர் என்போம். உடம்பு சிலிர்ப்பதற்கும் அதே சொல்தான்.” குனிந்து பார்த்தேன். காற்று பட்ட குளம்போல நீர் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது, அடியிலிருந்து ஊசி முனை அளவுக் குமிழ்கள் பாதிவழி வந்து காணாமல் போயின. அந்த நடுக்கத்தை நாற்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. தெளிந்த சூப்புக்கு வேண்டியது அந்த நடுக்கத்தை ஒட்டிய சூடுதான்.

இதைப் படிக்கிறவர் புதிதாக இந்த வேலைக்குப் போகிறவராக இருந்தால், திருகை நம்பாதீர்கள் என்றே முதலில் சொல்வேன். வீட்டு அடுப்பின் சிம் வேறு, உணவகத்துப் பெரிய பர்னரின் சிம் வேறு. அங்கே குறைந்த தீயில் வைத்தாலும் சின்னப் பாத்திரம் தளதளக்கும். நாற்பது லிட்டர் அண்டாவோ அதே தீயில் சூடு இறங்கிப்போகும். பார்க்கவேண்டியது நீரின் மேல்பரப்பை. மூடியை முழுதாக மூடினாலே அமைதியாக இருந்தது கொதிக்க ஆரம்பித்துவிடும், அதனால் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். அண்டாவைப் பர்னரிலிருந்து சற்று ஒதுக்கி வைத்தால் ஒரு பக்கம் மட்டும் குமிழ் எழும், அழுக்கு நுரை எதிர்ப்பக்கம் ஒதுங்கும், வழிப்பது சுலபம். சமையலுக்கான வெப்பமானி ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இழந்த 5,400 ரூபாய்க்கு ஒரு கூடை நிறைய வாங்கியிருக்கலாம். புழுங்கல் அரிசியைக் கடையில் ‘பாயில்ட் ரைஸ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து வெந்த சோறு என்று நினைக்காதீர்கள். எங்கள் சமையற்கட்டில் ஒரு வடநாட்டுப் பையன் அப்படி நினைத்துத் தண்ணீர் ஊற்றாமல் சூடாக்கினான். மருந்துச் சீட்டில் பாயில் என்றிருந்தால் அது தோலில் வரும் கட்டி. எழுத்து ஒன்றே தவிர அதன் பிறப்பே வேறு.

மெல்லக் கொதிப்பது நல்லது என்று எல்லாவற்றையும் சிம்மில் வைப்பதும் ஆபத்து. ராஜ்மாவை ஊறவைத்து வடித்த பிறகு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டாக வேண்டும்; அதில் இருக்கும் நஞ்சு மிதமான சூட்டில் போகாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் தெருவெல்லாம் வெள்ளம். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். என் அறைக்குப் பக்கத்து அறைப் பையன் கைபொறுக்கும் சூட்டில் இறக்கி ஆறவைத்துக்கொண்டிருந்தான். “காய்ச்சுவது என்றால் இது இல்லை தம்பி, உலை கொதிப்பது போலக் கொதித்து ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும்” என்று மறுபடி அடுப்பில் ஏற்றவைத்தேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

சென்ற வாரம் சுவரில் புதிதாக ஒரு தாள் ஒட்டினார்கள். வெங்காயத்தை ‘ஸ்வெட்’ செய்யச் சொல்லி இருந்தது. வியர்க்க வை! வாணலியைத் தொடாமல் நேராகச் செஃப்பிடம் போனேன். “வெங்காயத்துக்கு எப்படி வியர்க்கும் செஃப்?” என்றேன். மூடி போட்டு, குறைந்த தீயில், நிறம் மாறாமல், தன் தண்ணீரைத் தானே விட்டுக் கண்ணாடிபோல ஆகும் வரை வதக்க வேண்டும் என்றார். கேட்டு முடிக்க அரை நிமிடம் ஆனது.